டயர்: நன்று

லாரியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் பாஸாக வேண்டும் என்றுதான் கொண்டுபோவார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டில் சண்டை போடாமல் கிளம்பியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போவார்கள். ஆம்பூர் கோவிந்தசாமி மட்டும் தன் லாரியை ஃபெயிலாக்கச் சொல்லிப் போனார். மூன்று தடவை போனார். அப்படி ஒரு கோரிக்கையோடு அந்த அலுவலகத்துக்குள் அதுவரை யாரும் நுழைந்ததில்லை. அவரை என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே கிடையாது.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பாலாற்றங்கரையில் தோல் வாடை அடிக்கிற ஊர்களுக்கு நடுவே எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் மறுப்பு அனுப்புவார்கள். அந்த மறுப்பிலும் டயர் நன்று என்று எழுதியிருப்பார்கள்.

கோவிந்தசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரே ஒரு ஆறு சக்கர லாரி, வாங்கி இருபது வருஷம். ஈரோட்டிலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோலை ஏற்றிவந்து ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இருக்கிற தோல் பதனிடும் டேனரிகளில் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. தோலிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் இருபது வருஷத்தில் பாடித் தகரத்தைச் சல்லடையாக்கியிருந்தது. சர்க்கரை வந்து கண் மங்கிய பிறகு கோவிந்தசாமி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஓட்டியது பார்த்திபன், திமிரிப் பக்கத்துப் பையன். பையன் என்று கோவிந்தசாமிதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு முப்பத்தாறு வயது, அவரிடம் பதினோரு வருஷ சர்வீஸ்.

இத்தனை பழைய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். எல்லாரும் எடுக்கிற விதமாகத்தான் கோவிந்தசாமியும் எடுத்தார். பைபாஸ் ஓரம் முஜாஹித் பாயின் டயர் கடை இருக்கிறது. அங்கே "எஃப்.சி. செட்" என்று ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். புத்தம்புது மாதிரி ஆறு டயர், ஒரு பேட்டரி, இரண்டு ஹெட்லைட், வைப்பர், ஹாரன், தீயணைப்புக் கருவி, திறக்கவே திறக்காத முதலுதவிப் பெட்டி. காலையில் மாட்டிக்கொண்டு போய்ப் பாஸாகி, சாயங்காலம் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய டயரை மாட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியது. அந்தப் பக்கத்தில் இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. நாற்காலி யாருடையது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும்.

அந்த ஆறு டயரில் ஒன்றின் பக்கவாட்டில் கையகலத்துக்கு ஒரு நீலக் கறை இருந்தது. எப்போதோ ஒரு டேனரி முற்றத்தில் குரோம் தண்ணீரில் நின்றதால் ஊறியது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் சம்பத்துக்கு அது மிகவும் வசதி. தூரத்தில் நீலக் கறையைப் பார்த்ததுமே நாற்காலியில் உட்கார்ந்தபடி "டயர்: நன்று" என்று எழுதிவிடுவார். குனிய வேண்டிய அவசியமில்லை.

நடுவில் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்து, இரவல் டயரை ஒழிக்க ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். இனிமேல் ஒவ்வொரு டயரின் நம்பரையும் வண்டியின் பெயரில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். சம்பத் அதை அப்படியே நிறைவேற்றினார். அன்றிலிருந்து முஜாஹித் பாயின் ஆறு டயரும் எத்தனையோ லாரிகளின் பெயரில் முறைப்படி பதிவாகத் தொடங்கின. மேலிடம் திருப்தி அடைந்தது.

போன ஆவணியில் கோவிந்தசாமியின் லாரி பாஸாயிற்று. சாயங்காலம் செட்டைக் கழற்றிக் கொடுத்தார், பழைய டயரை மாட்டினார். ஒன்பதாவது நாள் காலை பத்தரை மணிக்கு மாதனூர் தாண்டி முன்பக்கத்து இடது டயர் வெடித்தது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. தோல் மூட்டைகள் ரோட்டில் சிதறின. பார்த்திபன் அங்கேயே போய்விட்டான். அந்த நடை கிளம்புவதற்கு முன் அவன் கோவிந்தசாமியிடம் ஒன்று சொல்லியிருந்தான், அவரும் ஒன்று சொல்லியிருந்தார். அதைக் கோவிந்தசாமி யாரிடமும் சொல்லவில்லை. நாமும் அவர் சொல்லும்வரை பொறுத்திருப்போம்.

விபத்தான வண்டியைப் பரிசோதிக்கச் சம்பத்தே வந்தார். போலீஸ் ஸ்டேஷன் மைதானத்தில் லாரி நசுங்கிக் கிடந்தது. வெயில் அதிகமாக இருந்ததால் எதிரே வேப்பமரத்தடியில் நின்றே பரிசோதித்தார். டயர் நன்று. பிரேக் நன்று. ஸ்டியரிங், காணப்படவில்லை. கடைசியில் எல்லா அறிக்கைக்கும் எழுதுகிற வரியை எழுதினார்: விபத்து வாகனக் கோளாறால் நேர்ந்ததல்ல. அப்படியானால் எதனால் என்று கேட்கும் ஒரு கட்டம் அச்சடித்த தாளில் காலியாக இருந்தது. காலியாக விட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்று "ஓட்டுநர் தூங்கியதால் நேர்ந்திருக்கலாம்" என்று நிரப்பினார். போலீஸ்காரர்கள் அதைத் தங்கள் தாளில் பெயர்த்து எழுதியபோது, இடம் போதாமல், "தூங்கியதால் நேர்ந்தது" என்று முடித்துவிட்டார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பார்த்திபனின் மனைவி தீபலட்சுமி கோவிந்தசாமியிடம் வந்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கம்பெனி பஸ்ஸில் இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தவர்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. வண்டி ஓட்டும்போதே தூங்கிட்டானாமே, குடிச்சிருப்பானோ என்னவோ என்று.

"பத்தரை மணிக்கு யாரு ண்ணா தூங்குவாங்க?" என்று கேட்டாள். "மாதனூர்ல டீ குடிச்சிட்டு எனக்கு போன் பண்ணாரு. சாயங்காலம் இன்னா வாங்கினு வரணும்னு கேட்டாரு. நாலு நிமிசத்துல தூங்கிட்டாருன்னு எழுதி இருக்காங்க."

கோவிந்தசாமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல திருப்பதி போனோம். பஸ்ஸை வேற எவனோ ஓட்றான். இவரு போற வழியெல்லாம் ரோட்டையே பாத்துனு, கால்ல பிரேக் மிதிச்சினே வந்தாரு. தூங்குயான்னு நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். எவனோ ஓட்டும்போதே தூங்காதவரு ண்ணா."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அவரு தூங்கலன்னு ஒரு பேப்பர் மட்டும் வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

வாங்கித் தருகிறேன் என்று கோவிந்தசாமி சொன்னார். அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அரசாங்கமே சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. எப்படிப்பட்ட மனுஷனுக்கும் அந்த ஆசை வரும், அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

முதல் தடவை வெறும் கையோடு போனார். கவுண்ட்டரில் இருந்த யோகலட்சுமி இரக்கமுள்ள பெண். அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

"வண்டி தகுதியானதுன்னு கேக்கத்தான் விண்ணப்பம் இருக்குதுங்க. தகுதி இல்லன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்க விண்ணப்பம் கெடையாது. விண்ணப்பம் இல்லாம நான் எதை வாங்குறது, சொல்லுங்க?"

சம்பத்தைப் பார்க்க அனுப்பினாள். சம்பத் அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். சாவு நடந்த வீட்டு மனிதரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"டயர் வெடிச்சுதான் சார் வண்டி கவுந்துச்சு. நீங்களே பாத்தீங்க, கிழிஞ்சு தொங்குது."

"தொங்குது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா எதனால எதுன்னு இருக்குது இல்ல? டயர் வெடிச்சதால விபத்து ஆவல. விபத்து ஆனதால டயர் வெடிச்சுது. இன்னா காரணம்? ஒன்பது நாள் முன்னாடி அந்த டயர் நன்றுன்னு எழுதினது யாரு? நான். நன்றா இருக்கிற டயர் தானா எப்படி வெடிக்கும்? வெடிக்காது. வெடிச்சுதுன்னா நான் பொய் எழுதினேன்னு ஆவும். அரசாங்கத்துல பொய் எழுத முடியாதுங்க, மூணு பேர் கையெழுத்துப் போடறோம்."

"அவன் தூங்கினான்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

"வண்டி மேல குத்தம் இல்ல. அப்போ ரோட்டு மேலயா? ரோடு வேற டிபார்ட்மெண்ட். அவங்களுக்கும் நமக்கும் நல்ல பழக்கம். மிச்சம் யாரு இருக்கிறது? அப்படியும் நாங்க அவசரப்படல. ஆட்சேபணை இருந்தா நேர்ல வந்து சொல்லலாம்னு டிரைவர் பேருக்கே நோட்டீஸ் அனுப்பினோம். முப்பது நாள் டைம் குடுத்தோம். அவரு வரல."

அந்த நோட்டீஸைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது தீபலட்சுமி. பிரித்துப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், புருஷன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

"இப்ப நான் இன்னா சார் செய்யறது?"

"மறுபடி எஃப்.சி.க்குப் போடுங்க. வண்டியைக் கொண்டாங்க. குறை இருந்தா எழுதத்தானே நாங்க இருக்கிறோம்."

அது நியாயமாகத்தான் பட்டது. கோர்ட்டிலிருந்து லாரி விடுதலையானதும் கிரேன் வைத்து இழுத்துக்கொண்டு போனார். கேபின் அப்பளமாகிவிட்டது, கண்ணாடி கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. முன்பக்கத்து இடது சக்கரத்தில் அந்தக் கிழிந்த டயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற டிரைவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை எழுதாமல் எப்படி இருப்பார்கள் என்று கோவிந்தசாமி நம்பினார். சம்பத் அன்று வெயிலையும் பார்க்காமல் இறங்கி வந்து ஒரு மணி நேரம் பரிசோதித்தார். பதினோரு குறை எழுதினார்.

வைப்பர் இல்லை. ஹாரன் ஒலிக்கவில்லை. பின்பக்க ஒளிரும் பட்டை அங்கீகரிக்கப்பட்ட கம்பெனியுடையது அல்ல. முதலுதவிப் பெட்டியில் களிம்பு காலாவதி. நம்பர் பிளேட்டில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டில் பெல்ட் இல்லை. இப்படியே போய், கடைசியாக, வண்டியில் துர்நாற்றம்.

"துர்நாற்றத்துக்குக் கட்டம் இல்ல. ஆனாலும் மனசு கேக்காம இதர குறைகள்ல சேத்துட்டேன்" என்றார் சம்பத்.

"டயர் சார்?"

சம்பத் தாளைத் திருப்பிக் காட்டினார். டயர் என்ற இடத்தில் நன்று என்று ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது.

"அது போன எஃப்.சி.ல இருந்து தானா வருதுங்க. ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது, கட்டம் பூட்டி இருக்குது. நீங்க முதல்ல இந்தப் பதினொண்ணையும் சரிபண்ணினு வாங்க. மத்தது பிறகு பாத்துக்கலாம்."

வைப்பர் போட வேண்டுமென்றால் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போடக் கேபின் வேண்டும். கோவிந்தசாமி ராணிப்பேட்டையில் ஒரு பழைய கேபின் பிடித்து மாட்டினார், கண்ணாடி போட்டார், ஸ்டியரிங் வைத்தார், சாய்ந்த எழுத்தை நிமிர்த்தி எழுதினார், பாடியைச் சலவைச் சோடாத் தண்ணீரால் நாலு முறை கழுவினார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கிலோ கறி வாங்கிக்கொண்டு தீபலட்சுமி வீட்டுக்குப் போவார். "ஆவுது மா, கிட்ட வந்துட்டுது" என்பார். அவள் அவருக்குச் சோறு போடுவாள். "நீங்க இருக்கப்போயி தைரியமா இருக்கேன் ண்ணா" என்பாள். அந்தச் சோறு அவருக்கு இறங்கின விதத்தை என்னால் எழுத முடியாது. டேனரிக்காரர்கள் அவரைப் பார்த்து, வேலை செய்யப்போகிற லாரியை இப்படி அலங்காரம் பண்ணினாலும் பரவாயில்லை, ஃபெயிலாக்க எதற்கு இத்தனை பேஜார் என்று கேட்டார்கள். லாரியில் ஒவ்வொன்றாக எல்லாம் சரியாகிக்கொண்டே வந்தது. அந்த ஒரு டயரை மட்டும் அவர் தொடவில்லை. அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மூன்றாவது தடவைக்கு முன் முஜாஹித் பாயைப் பார்க்கப் போனார். செட்டு வாடகைக்குப் போன விஷயத்தை வந்து சொல்லும்படி கேட்டார். பாய் ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்திபன் எனக்கும் தோஸ்த்துதான் ண்ணா. அவன் போன அன்னிக்கு நான் கடை தொறக்கல. வந்து சொல்லச் சொன்னா சொல்றேன். ஆனா யார் கிட்ட சொல்றது? எழுதிக்கிறவன் யாரு? அவங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?"

"டயரையாவது குடு பாய். காட்டறேன்."

"நாளைக்குச் செட்டு ஜோலார்பேட்டை டேனியல் வண்டிக்குப் போவுது. அங்கதான் வரும், பாத்துக்க."

மறுநாள் அலுவலகத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். புதிதாகத் தானியங்கிச் சோதனை மேடை வந்திருந்தது, அதைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வந்திருந்தார். எஃப்.சி.க்கு வந்த டிரைவர்களையே கூட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். வெடித்த டயரோடு ஓட முடியாமல், கூட்டத்துக்கு நடுவே கிரேனில் தொங்கியபடி கோவிந்தசாமியின் லாரியும் நின்றது. அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நமது அலுவலகத்தின் சாதனையைப் புள்ளிவிவரத்தோடு சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு நமது எல்லையில் விபத்துக்குள்ளான லாரிகள் நூற்று நாற்பத்தொன்று. அதில் நூற்று நாற்பத்தொன்றுமே நம்மிடம் தகுதிச் சான்று பெற்றவை. தகுதியில்லாத ஒரு வண்டிகூட விபத்தில் சிக்கவில்லை என்பதை நான் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வண்டிகளை நாம் சரிசெய்துவிட்டோம். இனி மனிதர்கள்தான் விழித்திருக்க வேண்டும்."

டிரைவர்கள் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் அன்று எஃப்.சி. கிடைக்காது.

டேனியலின் லாரி மூன்றாவதாக நின்றது. பின்சக்கரத்தில் நீலக் கறை. கோவிந்தசாமி கூட்டத்துக்குள் எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த வண்டில இருக்கிற ஆறு டயரும் ஆவணி மாசம் என் வண்டில இருந்துச்சு. நம்பரைப் பாருங்க. என் வண்டிக்கு நன்றுன்னு எழுதினது இந்த டயரைப் பாத்துத்தான். அன்னிக்கு வெடிச்சது என் டயரு. பழசு. அதுதான் இதோ தொங்குது."

டேனியல் தலையில் கைவைத்துக்கொண்டார். மைதானத்தில் பாதிப் பேர் அந்த நீலக் கறையை ஒரு தடவையாவது மாட்டியவர்கள். அதிகாரி நேர்மையானவர், அதனால் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார். யோகலட்சுமி டயர் நம்பரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது.

"முந்நூத்திப் பன்னிரண்டு வண்டி காட்டுதுங்க சார்" என்றாள். "எல்லாத்துக்கும் இதே ஆறு டயரு."

கோவிந்தசாமி அந்த நேரத்தில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். தீபலட்சுமிக்கு இன்றைக்கே பேப்பர் கிடைத்துவிடும், தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டார்.

அதிகாரியும் சம்பத்தும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

"ஒரே டயர் முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டியில் இருக்க முடியாது. அது இயற்கைக்கு விரோதம். ஆகவே ஒரு வண்டிக்குத்தான் சொந்தம். இந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் தற்போது கோப்பு திறந்திருப்பது ஒன்றே ஒன்று, கோவிந்தசாமியின் வண்டி. டயர் தன்னுடையது என்று அவரே பொதுமக்கள் முன்னிலையில் அடையாளம் காட்டியிருக்கிறார். அவருடைய டயர்களை உடனடியாக அவரிடம் ஒப்படைக்கவும். மீதி முந்நூற்றுப் பதினொன்றும் நிலுவையில் இருக்கட்டும்."

"ஐயா, நான் சொன்னது அது இல்ல ஐயா" என்றார் கோவிந்தசாமி.

"பயப்படாதீர்கள். உங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது."

வேலையாட்கள் நாலு பேர் வந்தார்கள். அந்த அலுவலகத்தில் எந்த வேலையும் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து யாரும் பார்த்ததில்லை. டேனியலின் லாரியை ஜாக்கியில் நிறுத்தி ஆறு டயரையும் கழற்றி, கோவிந்தசாமியின் லாரியில் மாட்டினார்கள். அவர் லாரியிலிருந்து கழற்றின பழைய டயர்களை என்ன செய்வதென்று கேட்டபோது, பதிவேட்டில் இல்லாத டயர்கள், அந்நியப் பொருள் என்று சம்பத் சொன்னார். அவற்றைப் பின்பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பறிமுதல் பண்ணின ஏர் ஹாரன்கள் குவிந்து கிடந்தன. கிழிந்த டயர் மட்டும் உருளவில்லை. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குவியலின் மேல் போட்டார்கள். கோவிந்தசாமி பின்னாலேயே ஓடினார். அந்தப் பகுதிக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை.

"சார், நான் எப்படி வூட்டுக்குப் போறது?" என்று டேனியல் கேட்டார்.

"உங்க டயரு எங்க?"

"முஜாஹித் பாய் கடையில சார்."

"அப்போ அதைப் போய் மாட்டினு வாங்க. அடுத்தவங்க டயர்ல வர்றது தப்புங்க" என்றார் சம்பத்.

புதிய மேடையில் ஏறிய முதல் லாரி கோவிந்தசாமியுடையது. பிரேக் பிடித்தது, விளக்கு நேராக விழுந்தது, வைப்பர் ஆடியது. பதினொரு குறையும் அவரே பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவை. ரிப்பன் வெட்டிய கையோடு அதிகாரி தகுதிச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். "டயர்: நன்று" என்பது இந்தத் தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது.

சம்பத் அவரைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசுல இருந்த சந்தேகம் போச்சா? டயர் நன்றுன்னு மெஷினே சொல்லிட்டுது. இனிமே யாரு மேலயும் கோவம் வெச்சுக்காதீங்க. பாவம், அவரு தூங்கிட்டாரு."

கோவிந்தசாமி தன் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். கண் மங்கலாகத்தான் தெரிந்தது, சர்க்கரையால் மட்டும் இல்லை. லாரி இம்மியும் இழுக்காமல் நூல் பிடித்தது போல நேராகப் போயிற்று. இருபது வருஷத்தில் அது இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. மாதனூரைத் தாண்டி அந்த மதகு வந்தது. உடைந்த சுவரைப் புதிதாகப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ஓரமாக நிறுத்தி, இந்த ஆறு டயர் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. எல்லாமே எஃப்.சி. எடுத்த வண்டிகள்.

நேராக முஜாஹித் பாய் கடைக்குப் போனார். ஆறு டயரையும் கழற்றிக் கொடுத்தார். எதற்கு ண்ணா, உன் பேர்லதான் எழுதிட்டாங்களாமே என்று பாய் கேட்டதற்கு, இரவல் வாங்கினதைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும் என்றார். லாரியைக் கல்லின் மேல் நிறுத்திவிட்டு, பாயிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். நாலைந்து வரிதான். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு பஸ் ஏறினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, கையில் கறியும் இல்லை. தீபலட்சுமி அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள்.

"பேப்பர் கெடைச்சிடுச்சா ண்ணா?"

அவர் இரண்டு தாளையும் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் இருந்த தகுதிச் சான்றை முதலில் படித்தாள். அதைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது தாளைப் பிரித்தாள். எழுத்து ஏறி இறங்கிக் கிடந்தது. வாய்விட்டு, மெதுவாகப் படித்தாள்.

"பார்த்திபன் தூங்கவில்லை. முன்பக்கத்து இடது டயரில் நூல் தெரிகிறது, மாற்ற வேண்டும் என்று அவன் என்னிடம் சொன்னான். இந்த ஒரு நடை போய்விட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அந்த டயர்தான் வெடித்தது. இது சத்தியம். கோ. கோவிந்தசாமி, லாரி உரிமையாளர்."

படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டாவது தடவை வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவரில் பார்த்திபன் படத்துக்குப் பின்னாலிருந்து நோட்டீஸின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"அவரு தூங்கல" என்றாள்.

"தூங்கல மா."

"எனக்குத் தெரியும் ண்ணா. எனக்கு மொதல்லயே தெரியும்."

தாளை நாலாக மடித்தாள். மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினாள், கம்பெனியில் தோல் மடிக்கிற மாதிரி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அஞ்சு மாசமா இங்க உக்காந்து சாப்ட்டீங்களே ண்ணா" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. கோவிந்தசாமி எழுந்துகொண்டார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை வராதீங்க."

சரி என்று தலையசைத்தார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பத்தடி போயிருப்பார், பின்னால் "ண்ணா" என்று கூப்பிட்டாள். திரும்பினார். கூப்பிட்ட குரலைக் கேட்டு, பதினோரு வருஷப் பழக்கம், மனசு மாறிவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தார்.

தீபலட்சுமி வாசற்படியில் நின்று பிளாஸ்டிக் உறையை நீட்டினாள்.

"இதை உட்டுட்டுப் போறீங்க. இது உங்களுது."

அவர் வந்து வாங்கிக்கொண்டார். மற்ற தாள் அவள் கையில் இருந்தது.